நட்டு இருந்த இடத்தில் ஒரு வால்வு

1

இந்த ஆண்டு என் கணவருக்கு நினைவு நாள் இரண்டு வந்தது. ஒன்று, சீவலப்பேரியில் என் கொழுந்தன் பேச்சிமுத்து பஞ்சாங்கம் பார்க்கச் சொல்லிக் கேட்டுவந்த திதி. மற்றொன்று, வெலிங்டனில் வேலை பார்க்கும் என் மகன் அருண் லீவு எழுதிக் கொடுத்திருந்த தேதி. இரண்டுக்கும் நடுவே பத்து நாளுக்கு மேல் கிடந்தது. நான் நியூசிலாந்தில் ஹாமில்டன் என்ற ஊரில், அவர் விட்டுப்போன வீட்டில், அவர் விட்டுப்போன வண்டியோடு இருக்கிறேன். எது என்னுடைய நாள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

திதியிலும் ஒரு குழப்பம் இருந்தது. அவர் போனது இங்கே ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை. வேலைக்குக் கிளம்பி வாசற்படியில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அந்த நேரத்தில் சீவலப்பேரியில் திங்கட்கிழமை இன்னும் முடியவில்லை. பஞ்சாங்கம் பார்க்கிறவர் எந்தக் கிழமை என்று கேட்கிறார், என்ன சொல்லட்டும் என்று பேச்சிமுத்து போன் பண்ணினான். இறந்த ஊர்க் கணக்கா, திதி கொடுக்கிற ஊர்க் கணக்கா? உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. செவ்வாய் என்றேன். போனை வைத்ததும், திங்கள் என்று சொல்லியிருக்க வேண்டுமோ என்று தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

பேச்சிமுத்துவும் சரி, அருணும் சரி, நினைவு நாளைப் பற்றித் தொடங்கி ஒரே கேள்வியில்தான் வந்து நின்றார்கள். அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்பது அந்தக் கேள்வி. வீட்டையும் வண்டியையும் விற்றுவிட்டு வெலிங்டனுக்கு வந்துவிடு, கீழே ஓர் அறை சும்மாதான் இருக்கிறது என்றான் அருண். அங்கே தனியாக யாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், ஊருக்கு வந்துவிடுங்கள் என்றான் பேச்சிமுத்து. இரண்டு பேரிடமும் நான் “பாப்போம்” என்றேன். சொன்ன பிறகுதான் அது அவருடைய வார்த்தை என்று உறைத்தது. வேலை மாறலாமா என்று கேட்டாலும், ராத்திரிக்குத் தோசை சுடட்டுமா என்று கேட்டாலும் அவர் சொன்னது அது ஒன்றைத்தான்.

2

முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் எனக்கு வேலை. படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து அடுக்க வேண்டும். பஸ்ஸில் போனால் இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதால் வண்டியில்தான் போய்வருகிறேன். உயரமான பழைய வண்டி. இங்கே குளிர் தொடங்குகிற மே மாதம் வந்ததும் அது ஒரு மாதிரி இரைய ஆரம்பித்தது. அவர் இருந்தவரை குளிர்காலத்துக்கு முன்னால் ஆயில் மாற்றிவிடுவார். அது நினைவுக்கு வந்து, வழியில் இருந்த ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன்.

வண்டியைத் தூக்கி நிறுத்திய கொஞ்ச நேரத்தில் மெக்கானிக் வந்து என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், பொறுமையாகப் பேசினார். ஆனால் அவர் பேசியதில் பாதிதான் என் காதில் ஏறியது. வண்டிக்கு அடியில் என்னை நிறுத்தி, விளக்கைப் பிடித்துக் காட்டினார். எஞ்சினின் அடிவயிற்றில், ஆயிலை வடிக்கத் திருகிக் கழற்றுகிற நட்டு இருக்க வேண்டிய இடத்தில், பித்தளையில் ஒரு சின்னக் குழாய் மாதிரி இருந்தது. அதன் பக்கவாட்டில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கைப்பிடி. நட்டுக்குப் பதிலாக இப்படி ஒரு வால்வைப் போட்டுக்கொள்வார்களாம். கைப்பிடியைச் சற்றுத் தூக்கிக் கால் வட்டம் திருப்பினால் போதும், ஆயில் வடிந்துவிடும். ஸ்பேனர் வேண்டாம், பலம் வேண்டாம். வீட்டில் தாங்களே ஆயில் மாற்றுகிறவர்களுக்கு வசதி. ஆனால் வண்டியோடு வந்த பாகம் இல்லை என்பதால் அவர்கள் பட்டறை அதற்குப் பொறுப்பேற்காது. கழற்றிவிட்டுச் சாதாரண நட்டு ஒன்றைப் போட்டுத்தான் ஆயில் ஊற்றுவோம் என்றார்.

“இதைப் போட்டது யார்?” என்று அவரிடமே கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உங்கள் வண்டிதானே என்றார்.

என் கணவர்தான் போட்டிருக்க வேண்டும். வேறு யாரையும் அவர் வண்டிக்குக் கீழே விட்டதில்லை. ஆனால் இது அவர் வாங்குகிற சாமான் இல்லை. டப்பா திறக்கிற மின்சாரக் கருவி ஒன்றை நான் வாங்கி வந்தபோது, “அப்ப கை எதுக்கு இருக்கு?” என்று கேட்டு ஒரு வாரம் கேலி பண்ணிய மனிதர் அவர்.

கழற்றவா என்று மெக்கானிக் கேட்டார். வேண்டாம், வண்டியை இறக்குங்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு விளங்கவில்லை. இரைகிற வண்டியை இரைச்சலோடேயே வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

3

என் கணவர் பெயர் இசக்கிமுத்து. பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தார். கல்யாணமான புதிதில் நாங்கள் திருநெல்வேலி டவுணில், ரதவீதியை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். நான் பிறந்து வளர்ந்ததும் அந்தப் பக்கம்தான். அப்போது அவரிடம் ஒரு பைக் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை வாசலில் சாய்த்துப்போட்டு ஆயில் மாற்றுவார். கோலம் போடுகிற இடமெல்லாம் கறுப்பாகிவிடும். வீட்டுக்கார ஆச்சி சத்தம் போட்டால் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துக் கழுவுவார், அடுத்த முறை மறுபடி அதே இடத்தில் உட்காருவார்.

இங்கே வந்தும் அது மாறவில்லை. நட்டைக் கடைசிப் புரி வரைக்கும் விரலாலேயே திருகுவார். அது கையோடு வரும்போது சூடான ஆயில் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு வழியும். ஒரு கெட்ட வார்த்தை கேட்கும். பிறகு, “ஏட்டி வடிவு, பழைய துணி கொண்டா” என்பார். நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். வருடத்துக்கு இரண்டு முறை இது நடந்தது. கடைசி முறை எப்போது நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். துணி கேட்டது ஞாபகத்துக்கு வரவில்லை. அதற்கு முந்தைய முறையும் வரவில்லை.

பக்கத்து வீட்டில் ப்ரூஸ் என்று ஒரு கிழவர் இருக்கிறார். மாட்டுப் பண்ணை வைத்திருந்து விற்றுவிட்டு வந்தவர். அவரும் இவரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று மணிக்கணக்கில் பேசுவார்கள். இவர் பெயர் அவர் வாயில் நுழையாமல் ‘இஸ்ஸி’ என்று கூப்பிடுவார். அவரிடம் வால்வைப் பற்றிக் கேட்டேன். ஆமாம், மூன்று வருடம் இருக்கும், நான்தான் விளக்குப் பிடித்தேன் என்றார். ஏன் போட்டார் என்று கேட்டேன். ப்ரூஸ் தன் வலது கையை விரித்துக் காட்டி, “ஹிஸ் ஹேண்ட் வாஸ் குரூக்” என்றார்.

குரூக் என்றால் நமக்கு என்ன? ஏமாற்றுக்காரன், திருடன். என் கணவரின் கை திருட்டுக் கை என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறாரே என்று எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அவர் யாருடைய பொருளையும் தொட்டதில்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ப்ரூஸ் வேலியோரம் திகைத்துப்போய் நின்றது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

மறுநாள் சலவைப் பகுதியில் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணிடம் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். இந்த நாட்டுப் பேச்சில் குரூக் என்றால் உடம்பு சரியில்லை என்று அர்த்தமாம். கை குரூக் என்றால் கைக்கு முடியவில்லை. சாயங்காலம் ப்ரூஸ் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இஸ்ஸிக்கு வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போயிருந்தது, ஸ்பேனரை அழுத்திப் பிடிக்க முடியவில்லை, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார்.

தெரியாது. காபி டம்ளரை இவர் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். குளிருக்கு என்று நினைத்தேன். இங்கே எல்லாரும் அப்படித்தானே குடிக்கிறார்கள்.

4

பேச்சிமுத்துவிடம் இதைச் சொன்னேன். அவன் சீவலப்பேரியில் டிராக்டர் வைத்து உழவு ஓட்டுகிறான். வண்டி சம்பந்தமான எதையும் இவரும் அவனும் போனில் பேசாமல் இருந்ததில்லை. கையைப் பற்றி அவனுக்கும் தெரியாது. ஆனால் வால்வைப் பற்றித் தெரிந்திருந்தது. அதே மாதிரி ஒன்றை டிராக்டருக்கு என்று இவர் யார் மூலமாகவோ கொடுத்துவிட்டிருக்கிறார். சேற்றுக்குள் இறங்குகிற வண்டி, அறுத்த நெல் தாளில் மாட்டிக் கைப்பிடி தானாகத் திறந்துவிட்டால் எஞ்சின் போய்விடுமே என்று அவனுக்குப் பயம்.

“அது பீரோவுலதான் இருக்கு மைனி,” என்றான். “நீ தொடாத, நா வந்து மாட்டுதேன்னு அண்ணன் சொல்லிட்டாவ. அதுக்கு ஒரு தகடு வளைச்சுக் காவல் குடுக்கணுமாம்.”

எப்போது வருவதாகச் சொன்னார் என்று கேட்டேன்.

“அடுத்த வருசம் வேலைய விட்டுட்டு வந்துருதோம்னு சொன்னாவ. டவுண்ல வீடு பாக்கச் சொன்னாவ. மாடி இல்லாத வீடா பாருலே, ஒங்க மைனிக்கு முட்டு வலிக்கின்னு. நானும் ரெண்டு மூணு வீடு பாத்து வச்சேன். ஒங்ககிட்ட சொல்லலையா?”

கேட்கவில்லை என்று நினைத்து அவன் திரும்பவும் சொன்னான். முதல் தடவையே கேட்டுவிட்டது. இருபது வருடமாக ஊருக்குப் போவோமா என்று கேட்டுக்கொண்டிருந்தவள் நான். கேட்ட எனக்குப் ‘பாப்போம்’. கேட்காத தம்பிக்கு வீடு பார்க்கிற வேலை.

5

திதி கொடுக்கும் நாளில் நான் லீவு போட்டேன். சீவலப்பேரியில் காலையில் ஆற்றங்கரைக்குப் போய் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது இங்கே மதியம் தாண்டிவிடும். முடிந்ததும் போன் பண்ணுகிறேன் என்று பேச்சிமுத்து சொல்லியிருந்தான். தலைக்கு எண்ணெய் வைக்காமல் குளித்துவிட்டு, சமைத்து மூடி வைத்துவிட்டு, போனைப் பார்த்தபடி இருந்தேன். உட்கார முடியவில்லை. வெளியே வந்தால் வண்டி நின்றது.

இந்த நாளில் எண்ணெய் தொடக்கூடாது என்பார்கள். வண்டி எண்ணெய்க்கு அது பொருந்துமா என்று கேட்க ஆள் இல்லை.

அவருடைய அலமாரியில் எல்லாம் இருந்தது. ஆயில் டப்பா, புது ஃபில்டர், ஃபில்டரைச் சுற்றிப் பிடித்துத் திருகும் வார் ஒன்று, வால்வின் மூக்கில் செருகுகிற ரப்பர் குழாய், வடிப்பதற்கான தட்டு. கம்ப்யூட்டரில் இரண்டு வீடியோ பார்த்துக்கொண்டேன். எஞ்சினைச் சற்று ஓடவிட்டு நிறுத்தினேன். அட்டையைத் தரையில் விரித்து, பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தேன். வண்டி உயரம் என்பதால் தோள் வரை உள்ளே போனால் போதும், கை எட்டியது. குழாயைச் செருகி, கைப்பிடியைத் தூக்கித் திருப்பினேன்.

அவ்வளவுதான். சத்தமில்லை, கையில் ஒரு சொட்டு வழியவில்லை. கறுப்பாக, கெட்டியாக, குழாய் வழியே தட்டில் இறங்கியது. இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவர் தன் கைக்காகத்தான் இதைப் போட்டாரா, அல்லது என் கைக்கு இவ்வளவு போதும் என்று நினைத்தாரா? எனக்காகப் போட்டிருந்தால் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பாரே. தனக்காகப் போட்டிருந்தால் ரப்பர் குழாய் எதற்கு? ஆயில் கையில் வழிவதைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லையே.

வடிந்து முடிந்தது. எழுந்து, வாரைப் போட்டு ஃபில்டரைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். மேலே மூடியைத் திறந்து புது ஆயிலை ஊற்றத் தொடங்கினேன். தேன் மாதிரி இருந்தது. பாதி டப்பா போயிருக்கும், அப்போது போன் அடித்தது. பேச்சிமுத்து. எல்லாம் முடிந்துவிட்டது, காக்கா வந்து எடுத்துவிட்டது என்றான். நான் பேசிக்கொண்டே மிச்சத்தையும் ஊற்றினேன். நீங்கள் சாப்பிடலாம் மைனி என்றான். போனை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தால், வண்டிக்கு அடியிலிருந்து தேன் நிறத்தில் ஒரு கோடு வெளியே வந்துகொண்டிருந்தது.

வால்வை மூடவில்லை. நட்டாக இருந்தால் கையில் இருந்திருக்கும், போடவில்லை என்று தெரிந்திருக்கும். இது இருந்த இடத்திலேயே இருந்தது. ஊற்றியதெல்லாம் எஞ்சினுக்குள் நுழைந்து, நேராக வெளியேறி, தட்டு நிறைந்து, தரையெல்லாம் பரவிவிட்டது.

வீட்டில் இருந்த பழைய துண்டு எல்லாவற்றையும் கொண்டுவந்து போட்டேன். முட்டி போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அழுகை வந்தது. ஒரு வருடமாக வராத மாதிரி வந்தது. ப்ரூஸ் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், ஒரு வாளி மரத்தூள் கொண்டுவந்து தூவிவிட்டு, கடைக்குப் போய் ஆயில் வாங்கி வந்தார். வால்வை மூடினேன். மூடியிருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். பிறகு ஊற்றினேன். வண்டியின் இரைச்சல் அடங்கிவிட்டது.

வடித்த ஆயிலை நகராட்சிக் குப்பைக் கிடங்கில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அங்கிருந்தவர், இதில் வேறு ஏதாவது கலந்திருக்கிறதா என்று கேட்டார். புது ஆயில் கலந்திருக்கிறது என்றேன். அவர் டப்பாவையும் என்னையும் பார்த்துவிட்டு, அதற்குத் தனித் தொட்டி இல்லை என்றார்.

6

அருண் தன்னுடைய தேதிக்கு வந்தான். அவனுடையது மின்சார வண்டி, அதில் ஆயிலே கிடையாது. வாசலில் பரவியிருந்த கறையைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டான். சொன்னேன். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சட்டையைக்கூட மாற்றாமல் தரையில் படுத்து உள்ளே போனான். எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும், எந்தப் பக்கம் மூடும் என்று அங்கிருந்தே கேட்டான். சொன்னேன். பார்த்து முடித்த பிறகும் அவன் வெளியே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அவன் எங்களிடம் மட்டும் தமிழ் கேட்டு வளர்ந்தவன். ஆகவே அவனுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழும் அசல் நெல்லைத் தமிழ். மற்ற நேரமெல்லாம் ஆங்கிலம்தான், அதிலும் நான் பின்தொடர முடியாத வேகம். அன்று வண்டிக்கு அடியிலிருந்து தமிழில் பேசினான்.

“அப்பாக்குக் கை மரத்துப்போயிருந்திச்சும்மா. எனக்குத் தெரியும்.”

எப்படித் தெரியும் என்றேன்.

“லீவுக்கு வந்தப்ப டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஒனக்குச் சொல்லக்கூடாதுன்னாங்க. சொன்னா ஒங்கம்மா பொட்டியக் கெட்டிருவா, ஊருக்கு இழுத்துட்டுப் போயிருவா, எனக்கு அங்கன போயி இருக்க முடியாதுலேன்னாங்க. நாங்க கடைசி வரைக்கும் இங்கனதான் இருக்கப்போறோம்னு சொன்னாங்க.”

நான் அட்டையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பேச்சிமுத்து சொன்னதை அவனிடம் சொன்னேன். டவுணில் பார்க்கச் சொன்ன வீட்டை, மாடி வேண்டாம் என்றதை, டிராக்டருக்கு வாங்கிக் கொடுத்துவிட்ட வால்வை. அருண் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். முதுகெல்லாம் மரத்தூள்.

“ரெண்டையும் அப்பாதான் சொன்னாங்களா?” என்று கேட்டான்.

“ஆமா.”

“அப்ப எது நெசம்?”

“தெரியலய்யா,” என்றேன்.

அவர் தம்பிக்கு ஆறுதலுக்காகச் சொன்னாரா, மகனை ஏமாற்றினாரா, இல்லை இரண்டையும் அந்தந்த நேரத்தில் மனதாரத்தான் சொன்னாரா? இருவரில் ஒருவரிடம் பொய் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. என்னிடம் பொய்யும் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை. நான் கேட்டால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சொல்லியாக வேண்டும் என்பதால்தான் ‘பாப்போம்’ என்றாரோ என்னவோ. இதை யாரிடம் கேட்பது?

அன்று மதியம் இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவர் படத்துக்கு அருண் ஒரு ரோஜா வைத்தான். வெலிங்டன் அறையைப் பற்றி அவன் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், “எங்க இருந்தாலும் சொல்லும்மா, கைக்கு முடியலன்னா சொல்லு,” என்றான். சரி என்றேன்.

7

வண்டி இன்னும் அவர் பெயரில்தான் இருந்தது. அதை மாற்றாமல் சாலை வரியைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை. போன வாரம் அதற்கான அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் சின்னப் பெண் ஒருத்தி. வண்டி எண்ணைச் சொன்னேன். என்ன விஷயம் என்றாள். ஊரில் எல்லாரும் சொல்கிற மாதிரி, “மை ஹஸ்பண்ட் எக்ஸ்பயர்ட்” என்றேன்.

அவளுக்குக் கடைசி வார்த்தை மட்டும் கேட்டிருக்கிறது. திரையில் வண்டியின் வரித் தேதியைப் பார்த்துவிட்டு, இல்லையே, இன்னும் எக்ஸ்பயர் ஆகவில்லை, இந்த மாதக் கடைசி வரை இருக்கிறது என்றாள், நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு.

ஒரு கணம் நான் அதை அப்படியே நம்பிவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நம்பிவிட்டேன்.

பிறகு சான்றிதழை எடுத்து நீட்டினேன். அவள் முகம் சிவந்து, பலமுறை மன்னிப்புக் கேட்டாள். வண்டியை என் பெயருக்கு மாற்றினாள். என் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்தாள். அடுத்து வரி. எத்தனை மாதத்துக்குக் கட்டுகிறீர்கள், மூன்றா, ஆறா, பன்னிரண்டா என்று கேட்டாள்.

அவர் எப்போதும் பன்னிரண்டுதான் கட்டுவார். ஊருக்குப் போவதாக இருந்தால் மூன்று போதும். பேச்சிமுத்து பார்த்து வைத்த வீடுகளில் ஒன்று இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றாள்.

“ஆறு,” என்றேன்.

“நிச்சயமாகவா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஆறு என்று பதிந்துகொண்டாள்.